மிச்சத் தண்ணீர்

இன்னொன்றும் விழுந்துவிட்டது. நான் தொடவே இல்லை. கையில் டம்ளரோடு பால்கனிப் பக்கம் வந்து நின்றேன், அவ்வளவுதான், தானாகக் கழன்று பொத்தென்று தரையில் விழுந்தது. இத்தனூண்டு இலைக்கு இவ்வளவு சத்தமா. நேற்று விழுந்ததைப் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன், அதற்கு முந்தி விழுந்ததெல்லாம் பக்கத்தில் வரிசையாகக் கிடக்கிறது, எத்தனை என்று எண்ணக்கூடாது, எண்ணினால் பயம் வந்துவிடும். அவர் பெங்களூருக்குக் கிளம்பியபோது இந்த ஜேட் செடி இப்படியா இருந்தது. கொழுக்கு மொழுக்கென்று, இலைக்கு இலை தடித்து, தண்டே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது முழங்கையும் மணிக்கட்டுமாகத் தண்டுதான் தெரிகிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் போன் பண்ணுவார். எடுத்ததும் முதல் கேள்வி, செடி எப்படி இருக்கு. பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு ஞாயிறாவது கேட்டிருப்பாரா. நானும் இருக்கு என்பேன். சரி என்பார். பிறகு பேத்தியிடம் போனைக் கொடுத்துவிடுவார். இன்றைக்கும் இருக்கு என்று சொல்லிவிடலாம்தான், மொட்டைத் தண்டு போனில் தெரியவா போகிறது. ஆனால் நேற்று யுவராஜ் சொன்னதற்கு அப்புறம் எதையும் சாதாரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா, அப்பா இங்க வீடு பாக்கறாரும்மா, எங்க தெருவுக்குப் பின்னாடியே, ஒரு ரூம், ஒரு ஹால், அது போதுங்கறாரு. மகன் ஏதோ பால் பாக்கெட் வாங்கிய கதை மாதிரி சொன்னான். அது போதுங்கறாரு. யாருக்குப் போதும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரிப்பா, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

காலையில் போனில் தேடிப் பார்த்தேன், வீட்டைப் பற்றி அல்ல, செடியைப் பற்றி. ஒரு வீடியோவில் எதைச் சொன்னாலும் சிரிக்கிற ஒரு பெண் வந்தாள். தண்ணீர் குறைந்தால் இலை கொட்டும் ஃப்ரெண்ட்ஸ் என்றாள், சிரித்தாள். தண்ணீர் கூடினாலும் கொட்டும். வெளிச்சம் போதாவிட்டால் கொட்டும், இருந்த இடத்தைத் திடீரென்று மாற்றினால் கொட்டும், மாவுப்பூச்சி வந்தால் கொட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கொட்டினால் மனுஷி எதை வைத்துக் கண்டுபிடிப்பது. அவரும் அப்படித்தான். கோபம் வந்தால் சும்மா இருப்பார், வருத்தம் வந்தாலும் சும்மா இருப்பார், சந்தோஷம் வந்தாலும் அதே சும்மாதான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள், விழுந்த இலையைத் தொட்டுப் பாருங்கள் என்று. வற்றிச் சுருங்கி, காகிதமாக மெலிந்திருந்தால் தாகம். மஞ்சளாகி ஊதிப்போய், உள்ளே வெளிச்சம் தெரிந்தால் தண்ணீர் அதிகம். குனிந்து இப்போது விழுந்ததை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினேன். பிளந்துகொண்டு தண்ணீர் வந்தது, விரலெல்லாம் கொழகொழவென்று. அப்போதும் நான் நம்பவில்லை. தண்ணீர் எப்படிக் கூடும். முன்பு ரெண்டு பேர் குடித்த மிச்சம் போன தொட்டிக்கு இப்போது ஒருத்தி குடித்த மிச்சம்தானே போகிறது. பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். குறைந்துபோய்விட்டதே என்றுதானே இந்த ஒரு மாதமாக அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறேன்.

டம்ளர் இன்னும் கையில்தான் இருக்கிறது. அடியில் கால்வாசித் தண்ணீர். கை தானாகத் தொட்டிப் பக்கம் சாய்கிறது, இழுத்துப் பிடிக்கிறேன். சரி, சிங்க்கில் கொட்டு இந்திராணி, எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்கிறார்கள். சமையலறை வரைக்கும் போனேன். சிங்க் மேலே டம்ளரைச் சாய்க்கவும் செய்தேன். விளிம்பு வரைக்கும் வந்த தண்ணீரைப் பார்த்ததும் கை நிமிர்ந்துவிட்டது. முடியவில்லை. அந்த வருஷத்தை இந்த ஊரில் பார்த்த யாருக்கும் முடியாது. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்த வருஷம். லாரி வரும் வரும் என்று தெருமுனையில் பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்களை நிறுத்திவிட்டு, ஆள் இல்லாவிட்டாலும் குடம் நின்றால் இடம் நிற்கும் என்ற தைரியத்தில் வீட்டுக்கும் முனைக்குமாக அலைந்த வருஷம். யுவராஜைப் பிளாஸ்டிக் பேசினுக்குள் நிற்க வைத்துக் குளிப்பாட்டுவேன், அவன் கால் வழியே இறங்கிய தண்ணீர் கக்கூஸுக்கு. அரிசி களைந்தது பாத்திரத்துக்கு, பாத்திரம் அலசியது தரை துடைக்க. குடித்த டம்ளரில் மீந்தது செடிக்கு. டம்ளரில் பாதி வைத்துவிட்டு எழுந்துபோகிற விருந்தாளிகளை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான், என் சொந்த நாத்தனார் உட்பட. பிறகு மழை பெய்தது, குழாயில் தண்ணீர் வந்தது, போர் போட்டார்கள், எல்லாம் ஆயிற்று, ஆனால் கை மட்டும் அந்த வருஷத்திலேயே நின்றுவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், நாங்கள் நன்றாக இருந்தது அந்த வருஷம்தான். தண்ணீர் இல்லாத வருஷம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டி முடித்துவிட்டு அவர் வீட்டுக்கு வரமாட்டார், பையை மாட்டிக்கொண்டு நேராக லாரி வரிசைக்கே வந்துவிடுவார். நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன் என்பார். நான் போகமாட்டேன். எதிர்வீட்டுச் சுவர் மேல் ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். அப்போது அவர் பேசுவார். இதே தணிகாசலம்தான், சத்தியமாகப் பேசுவார். என் போன் வேலை செய்யலை என்று தினமும் புகார் கொடுக்கிற ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார், அந்தப் புகாரை அதே போனிலிருந்துதான் கொடுப்பாராம். இவர்களும் நம்பர் எழுதிக்கொண்டு, சரி பண்ணிடறோம் ஐயா என்பார்களாம், கால் மணி நேரம் கழித்து, இப்ப வேலை செய்யுதுங்களா என்று இவரே கூப்பிட்டுக் கேட்பாராம். நான் சுவரிலிருந்து விழாத குறையாகச் சிரித்தேன். எவ்வளவு கதை. லாரி வரக்கூடாது, இன்னும் கொஞ்சம் பொறுத்து வரட்டும் என்று ஒரு நாள் நான் நினைத்தேன், வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது. குழாயில் தண்ணீர் வந்த பிறகு வரிசையும் இல்லை, சுவரும் இல்லை, அவர் டியூட்டி முடிந்து நேராக வந்து படுத்துக்கொள்வார், நான் சமையலறையில் இருப்பேன். அந்த வருஷத்தில்தான் இந்தச் செடியும் வந்தது. எக்ஸ்சேஞ்ச் மெஷின் ஹால் வாசலில் யாரோ வளர்த்தது, ஒரு கிளையை ஒடித்துச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வைத்துக் கொண்டுவந்தார். இது தண்ணியே கேக்காது இந்திராணி, நம்ம வீட்டுக்கு ஏத்த செடி என்றார். சொல்லத்தான் சொன்னார். ஒரே ஒரு தடவை. அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். எனக்கோ ஒரு தடவை சொன்னது சொன்ன கணக்கிலேயே சேராது, நான் எதையும் நாலு தடவை சொல்லி வளர்ந்தவள், நாலு தடவை கேட்டால்தான் காதில் ஏறும். ரிட்டயரான பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, யுவராஜ் பக்கத்துல போய் இருந்துடலாமா என்றார். அந்தக் குளிர் ஊர்ல எனக்கு என்ன வேலை, நான் வரல என்றேன். ரசம் ஊத்து என்றார். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதமே பையைக் கட்டிக்கொண்டு, பசங்களோட கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் என்று நின்றார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சண்டை போட்ட மனுஷன் திரும்பி வருவான். அது போதுங்கறாரு. ஒரு ரூம், ஒரு ஹால். அதில் ஒரு கட்டில், ஒரு தட்டு.

இப்படி நினைத்துக்கொண்டே நின்றால் மிச்சமிருக்கிற இலையும் கொட்டிவிடும். டம்ளரில் இருந்ததை நானே குடித்துத் தீர்த்தேன். இத்தனை வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. பேப்பரைத் தரையில் விரித்தேன். வேரைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று அந்தச் சிரிக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். செடி இருப்பது கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில்தான், அடியில் ஓட்டையெல்லாம் உண்டு. ஆனால் அது வெளியே தெரியாது, அதை நான் ஒரு பீங்கான் ஜாடிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். தீவுத்திடல் பொருட்காட்சியில் வாங்கிய ஜாடி, நீலப் பூப்போட்டது. ஓட்டை இல்லாத ஜாடி. ஓட்டை இருந்தால் தரை நாசமாகாதா. வாங்கி வந்து செடியை அதில் வைத்தபோது அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இப்போது தொட்டியின் காதைப் பிடித்துத் தூக்கினால் வர மாட்டேன் என்கிறது. இழுத்தேன். உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது, கூடவே ஒரு நாற்றம், சாக்கடை நாற்றம். ஜாடிக்குள் எட்டிப் பார்த்தேன். பாதி ஜாடிக்கு மேல் தண்ணீர். கறுத்துப்போன தண்ணீர். செடி இத்தனை நாளும் கால் முழுக அதற்குள்தான் நின்றிருக்கிறது. அடப்பாவி, நானா இதைச் செய்தேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, உடனே இன்னொன்றும் தோன்றியது, நான்தான் செய்தேன் என்றால் எப்போதும் இதைத்தானே செய்கிறேன், இத்தனை வருஷமாக இந்தத் தண்ணீர் எங்கே போனது.

ஜாடியைத் தூக்க முடியவில்லை, கனம். மொண்டு எடுக்க எதையாவது தேடினேன். பால்கனிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய மக் தொங்கியது, ஸ்கூட்டர் துடைக்கிற மக். தினமும் காலையில் அந்த மக்கில் தண்ணீரும் தோளில் ஒரு துணியுமாகக் கீழே இறங்கிப் போவார். அந்த ஓட்டை ஸ்கூட்டருக்குத் தினமும் அபிஷேகமா என்று நான் கேலி செய்வேன். குழாய்த் தண்ணீரை இப்படி வீணாக்கறீங்களே என்று திட்டவும் செய்திருக்கிறேன், நாலு தடவை அல்ல, நாற்பது தடவை. துடைக்கிற துணியில் ஏன் மண் வாசனை அடிக்கிறது, வண்டி துடைத்தால் கிரீஸ் வாசனை அல்லவா அடிக்க வேண்டும் என்றும் ஒரு நாள் கேட்டேன். சும்மா இருந்தார். மக்கை எடுத்துப் பார்த்தேன். அடியில் மண் படிந்து காய்ந்து பாளமாக இருந்தது. செம்மண்ணும் மட்கிய இலையும் கலந்த தொட்டி மண், தெருப் புழுதி அல்ல. ஜாடிக்குள் விட்டேன். வாய் சரியாகப் புகுந்தது, மொண்டது, வெளியே வந்தது. எங்கேயும் இடிக்கவில்லை. இந்த ஜாடிக்கென்றே பார்த்து வாங்கிய மக். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பகல் பூராவும் ஊற்றியதை மனுஷன் தினமும் காலையில் இறைத்திருக்கிறார். இறைத்ததைக்கூட வீணாக்காமல் வண்டியைத் துடைத்திருக்கிறார். வீணாக்குகிறீர்கள் என்று நான் கத்தும்போது அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இது என்ன பாசம். வாயைத் திறந்து, இந்திராணி, செடி செத்துடும், ஊத்தாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயத்தை யாராவது இத்தனை வருஷம் முதுகு வளைத்து இறைப்பார்களா. இப்போது நான் அறியாமல் என் கையாலேயே அதைக் கொன்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கத்தரிக்கோலை அடுப்பில் காட்டிவிட்டு எடுத்து வந்தேன். தொட்டியைச் சாய்த்து மண்ணை உதறினேன். உதறவே வேண்டியிருக்கவில்லை, சேறாக வழிந்தது. வேரில் பாதி பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து நூல் மட்டும் கையோடு வந்தது. அதையெல்லாம் வெட்டு என்றாள் அந்தப் பெண், இரக்கம் பார்க்காதே, வெள்ளையாக, கெட்டியாக இருப்பதை மட்டும் விடு. வெட்டினேன். உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம் இருந்தது, மேல் பக்கம், தண்டையொட்டி. அது போதுமாம். உடனே மண்ணில் வைக்கக்கூடாது, நிழலில் நாலைந்து நாள் அப்படியே கிடந்து வெட்டுவாய் காய வேண்டும். அப்புறம் ஓட்டையுள்ள தொட்டி, பாதிக்குப் பாதி மணல், கொஞ்சம் செங்கல் பொடிசு. கீழே முதல் மாடிக்காரர்கள் பாத்ரூம் உடைக்கிறார்கள், மணல் குவிந்து கிடக்கிறது, அந்த வீட்டு ஜெயசீலியிடம் கேட்டால் ரெண்டு கை தருவாள். நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்டக்கூடாது. அதற்கப்புறம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஆழத்திலும் காய்ந்திருந்தால்தான். விழுந்த இலையில் கெட்டியாக இருப்பதைக் காய்ந்த மண் மேல் சும்மா போட்டு வைத்தால் அதிலிருந்து வேர் விடுமாம், அதுவே இன்னொரு செடி ஆகுமாம். எல்லாம் சரி. இது பிழைத்து, இதைப் பார்க்க இங்கே ஆள் இல்லாவிட்டால் நான் யாருக்காக விரலை விட்டுப் பார்ப்பது. இனி காலையில் எழுந்தால் இந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும். நான் காபி ஆற்றுகிற சத்தம். ஒரு டம்ளர்.

போன் அடித்தது. கையெல்லாம் சேறு. புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். செடி எப்படி இருக்கு என்றார். இருக்கு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது, பழக்கம். பேப்பர் மேல் செடி வேரும் தண்டுமாகப் படுத்திருந்தது.

"வேர் அழுகிடுச்சு. ஜாடி நிறையத் தண்ணி. நீங்கதான் தினம் இறைச்சீங்களா?"

ம் என்றார்.

"ஊத்தாதேன்னு சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே, கொண்டாந்த அன்னிக்கு."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். ஒரு தடவை சொன்னா ஆச்சா, அதுக்கப்புறம் எத்தனை வருஷம் போச்சு என்று கேட்டேன். பின்னால் பேத்தி எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. போனை அவளிடம் கொடுத்துவிடப் போகிறார் என்று பயமாக இருந்தது. கொடுக்கவில்லை.

"சொன்னா அந்தத் தண்ணிய நீ எங்க ஊத்துவ? சிங்க்ல கொட்ட உனக்கு மனசு வராது. கையில டம்ளர வச்சிக்கினு நின்னுட்டிருப்ப. அதப் பாக்கறதுக்கு நானே இறைச்சிடலாம்."

காலையிலிருந்து நான் இந்த வீட்டில் எப்படி நின்றுகொண்டிருக்கிறேன் என்பதை அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். இந்த மனுஷனோடு வாழ்ந்ததற்கு இது போதும் என்று ஒரு பக்கம் நினைத்தது, போதாது, போதவே போதாது என்று இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டது. இந்த ஒரு வார்த்தையும் நான் கேட்டதால் வந்தது. கேட்காததெல்லாம் எங்கே கிடக்கிறது. அதனால் அதையும் கேட்டேன். வீடு பார்க்கிறீர்களாமே, யுவராஜ் சொன்னான், ஒரு ரூம் யாருக்குப் போதும் என்று கேட்டேன். பேசிப் பழக்கமில்லாதவர் பேசுகிற மாதிரி, விட்டு விட்டுச் சொன்னார். அங்கே, நம்ம வீட்டில் இருந்தால், பகலில் போவதற்குத் தனக்கு ஒரு இடம் இல்லை என்றார். எக்ஸ்சேஞ்சையும் மூடிவிட்டார்கள், காலையில் வண்டி துடைத்துவிட்டு மேலே வந்தால் ராத்திரி வரைக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை, நீ சமையலறையில் இருப்பாய், இங்கே பாப்பாவை வேனில் ஏற்றிவிடுகிறேன், திரும்பி வந்ததும் இறக்கிக்கொள்கிறேன், அது ஒரு வேலை என்றார். இவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் ரசம் ஊத்து என்றிருக்கிறார்.

"எனக்கு அந்த ஊருக்கு வர இஷ்டமில்ல," என்றேன். "நீங்க இல்லாம இங்க இருக்கவும் இஷ்டமில்ல. ரெண்டையும் சொல்லிட்டேன். ஒரு தடவையோட விடமாட்டேன், நாளைக்கும் சொல்லுவேன்."

வியாழக்கிழமை வரேன் என்றார். வந்துவிட்டு மறுபடி போவீர்களா என்று கேட்டேன். தெரியல, உன்கிட்ட பேசணும் என்றார். பேசணும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"வாங்க. வந்து சண்டை போடுங்க. சும்மா இருந்துட்டு பையக் கட்டாதீங்க, வாயத் திறந்து போடுங்க."

"எனக்கு சண்டை போடத் தெரியாதே, இந்திராணி."

"நான் இருக்கேன்ல," என்றேன்.